நிலாவெளிப் பக்கம் செப்டிக் டாங்க் கட்டியவர்கள் செலவைச் சொல்ல முடியுமா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை நிலாவெளியில் அம்மாவின் காணியில் சின்னதாக ஒரு வீடு கட்டுகிறோம். கூரை வேலை முடிந்து, இப்போது மலசலகூடக் குழியில் வந்து நிற்கிறோம்.

ஒரு மேசன் இரண்டு அறை வைத்துக் கல்லுக் கட்டி, ஊறுகுழியோடு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் கொங்கிறீட் வளையம் இறக்கி 1 லட்சத்து 10 ஆயிரத்தில் முடிக்கலாம், குழியின் அடியில் கொங்கிறீட் போடத் தேவையில்லை என்கிறார். காசு மிச்சம்தான், ஆனால் மனம் கேட்கவில்லை. எங்களுடையது கடற்கரை மணல். மாரியில் நாலடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அடி திறந்த குழி என்றால் மலநீர் நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும். எங்கள் கிணறு 50 அடி தள்ளி இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிணறு 35 அடிதான். அங்கே கைக்குழந்தை இருக்கிறது.

குச்சவெளி, சாம்பல்தீவுப் பக்கம் அண்மையில் கட்டியவர்களே, கல், சீமெந்து, கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு முடிந்தது? பிளாஸ்டிக் தாங்கி புதைத்தவர்கள் உண்டா? நீர்மட்டம் ஏறும்போது வெறுந்தாங்கி மிதந்து எழும்பாமல் எப்படி இறுக்கினீர்கள்? அப்புறம், குழி நிரம்பினால் பவுசர் (கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டி) வந்து இழுக்க எவ்வளவு எடுக்கிறார்கள்? ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.