சாம்பலுக்கு ரிசல்ட் வந்தாச்சு

*ராயபுரம் – எங்க தெரு குழு*

ரேவதி: நம்ம தெருப்பூனை சாம்பலை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டிவிட்டு வந்தாச்சு. காலில் இருந்த கடி சீழ் பிடித்திருந்தது, சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். அப்புறம் ரத்தம் எடுத்து, கொரோனா சமயத்தில் பார்த்தோமே அந்த மாதிரி கிட்டில் சொட்டு விட்டதில் எஃப்ஐவிக்கு, அதாவது பூனையின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் வைரஸுக்கு, கோடு விழுந்துவிட்டது. எஃப்இஎல்வி என்கிற பூனை லுகேமியா வைரஸ் இல்லை. உறுதி செய்ய இன்னொரு டெஸ்ட் இருக்கிறது.

பாஸ்கர்: எஃப்ஐவி என்றால் பூனை எய்ட்ஸ்தானே?? பிள்ளைகள் அதைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள்மா. காசிமேட்டில் விட்டுவிடு, அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை.

ரேவதி: அண்ணா, 1986-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்த வைரஸ் அது, இத்தனை வருஷத்தில் ஒரு மனிதருக்கும் வந்ததாகத் தெரியவில்லை, நாய்க்கும் வராது. பெரும்பாலும் பூனையைப் பூனை ஆழமாகக் கடித்தால்தான் பரவும், அதனால்தான் சண்டைக்காரக் கடுவன்களுக்கு அதிகம். காசிமேட்டில் விட்டால் அங்கே இருக்கிறதுகளோடு மல்லுக்கு நிற்கும்.

பாஸ்கர்: போன வாரம் எங்கள் பூனை கருப்பனையும் சாம்பல் கடித்ததே!

ரேவதி: அதைச் சொல்லவே இல்லையே. இப்போதே பார்த்து இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது அண்ணா. கிட் பார்ப்பது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் பொருளை, அது உருவாக இரண்டு மாசம்கூட ஆகும். அதுவரை வெளியே விடாதீர்கள், குடும்பக்கட்டுப்பாடும் பண்ணிவிடுங்கள். சாம்பலுக்கும் புண் ஆறியதும் பண்ணிவிட்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

பாஸ்கர்: சரி.

நூர் அக்கா: எங்க வெள்ளச்சி அதோட ஒரே தட்டுல சாப்பிடுவாளேம்மா. குட்டிங்க வேற இருக்கு.

ரேவதி: தட்டில் எஃப்ஐவி வருவது அபூர்வம் அக்கா. எச்சில், நக்கிவிடுவது, தாய்ப்பால் என்று பரவுவது எஃப்இஎல்வி, அதற்காகவாவது வெள்ளச்சிக்கும் டெஸ்ட் பண்ணிவிடலாம். குட்டிகளுக்கு இப்போது எஃப்ஐவி கோடு விழுந்தால் பதறாதீர்கள், தாயின் ஆன்டிபாடியாகவே இருக்கலாம், ஆறு மாசம் ஆனபின் திரும்பப் பார்க்க வேண்டும்.

நூர் அக்கா: சாம்பல் எத்தனை நாள் தாங்கும்?

ரேவதி: நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் இருக்குமாம். ஈறு சிவந்தாலோ சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினாலோ உடனே காட்டணும், இல்லாவிட்டாலும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை காட்டணும். பச்சை மீன் மட்டும் இனி யாரும் போடாதீர்கள், எதிர்ப்புசக்தி இல்லாத உடம்புக்குக் கிருமி ஆகாது.

நூர் அக்கா: சங்கரா தலை இருக்கு, வேகவெச்சு அனுப்பறேன். கொஞ்சம் பூண்டு தட்டிப் போடட்டா?

ரேவதி: ஐயோ அக்கா, பூண்டு வெங்காயம் ரெண்டும் பூனைக்கு விஷம். வெறும் தண்ணீரில் வேகவைத்து முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள், போதும்.