மறு: பிறபொருள் இல்லாத பிறபொருளெதிரி

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். கிருமி போன்றவற்றைப் பற்றி எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம் ஆன்டிபாடி; உடலின் சொந்தப் பகுதியையே பற்றினால் அது ஆட்டோ ஆன்டிபாடி. இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இந்த இழையின் பேச்சு. ஆன்டிபாடிக்குப் ‘பிறபொருளெதிரி’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு.

> ஆட்டோ ஆன்டிபாடிக்குத் ‘தற்பிறபொருளெதிரி’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பிறபொருளெதிரி வேரூன்றிய சொல். முன்னொட்டுச் சேர்த்தால் வேலை முடிந்தது.

வேலை முடியவில்லை, ஐயா. நானும் போன வாரம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்; இதே இழையில் ஆதரித்து இரண்டு வரி எழுதியும் இருக்கிறேன். இப்போது பின்வாங்குகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்க்கும் நோயாளர் கையேட்டின் முதல் நான்கு பக்கங்களை, அச்சுக்குப் போகுமுன் ஒருவராவது படித்துப் பார்க்கட்டும் என்று என் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் விரைவில் தளர்ந்துபோகும் நோய்) வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலையில் கொடுத்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கொடுத்தது என் தவறு. இரண்டாம் பக்கத்திலேயே இடது இமை கண்மணியை மூடும் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ‘நரம்பும் தசையும் சேரும் இடத்திலுள்ள ஏற்பிகளைத் தற்பிறபொருளெதிரிகள் தாக்குகின்றன’ என்ற வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தார்.

“பிறபொருள் என்று போட்டிருக்கிறாய். எந்தப் பொருளப்பா எனக்குள்ளே போனது?”

“எதுவும் போகவில்லை பெரியம்மா. எதிர்க்கப்படுவது உங்கள் தசையில் இருப்பதுதான்.”

“அப்படியானால் அது எப்படிப் பிறபொருள் ஆகும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ‘தன்’ என்று தொடங்கி ‘பிற’ என்று தொடர்ந்து ‘எதிரி’ என்று முடிகிற சொல் அது. நோயெதிர்ப்பியல் படித்தவர் ‘ஆன்டிபாடி’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டு கடந்துவிடுவார். தமிழ் மட்டும் தெரிந்தவர்தான் சொல்லைச் சொல்லாகப் படிக்கிறார்; அவரே தடுக்கி விழுகிறார்.

பிறபொருளெதிரி மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் பல தலைமுறை மாணவர்கள் படித்த சொல். கிருமியும் தடுப்பூசியும் மட்டுமே பேசுபொருளாக இருந்த வரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் ஒரு வரையறை ஒளிந்திருக்கிறது: எதிர்க்கப்படுவது எப்போதும் வெளியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். உடல் தன்னையே எதிர்க்காது என்ற பழைய நம்பிக்கை அது. ஜெர்மானிய நோயெதிர்ப்பியலார் பால் எர்லிக் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்’ என்று பெயரிட்டது இதைத்தான். தன்னை நஞ்சாக்கிக்கொள்ள உடல் அஞ்சும் என்பது அதன் பொருள். நம் சொல்லாக்கத்திலும் அந்த அச்சம் உறைந்துபோயிருக்கிறது.

> பொருளெதிரி என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, பிறபொருளெதிரி, தன்பொருளெதிரி என இரண்டாகப் பிரித்தால் என்ன?

அழகான யோசனை. படித்தவுடன் இதுதான் விடை என்று எனக்கும் பட்டது. ஒரு இரவு முழுக்க இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைக் கவிழ்த்தவை முயல்கள்.

1973-இல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து, நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலினின் ஏற்பியைப் பிரித்தெடுத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். மின்னுறுப்பு தசையிலிருந்து உருமாறி வந்தது. அந்த ஏற்பி அதில் செறிந்து கிடக்கும். முயல்களின் உடலில் விலாங்கின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாயின. அதுவரை எல்லாம் இலக்கணப்படிதான்: விலாங்குப் புரதம் முயலுக்குப் பிறபொருள், அதை எதிர்ப்பது பிறபொருளெதிரி. ஆனால் சில வாரங்களில் முயல்கள் தளர்ந்து, கழுத்து நிற்காமல், கால் ஊன்ற முடியாமல் சரிந்தன. அந்நாளில் மயஸ்தீனியாவைக் கண்டறியப் பயன்பட்ட எட்ரோபோனியம் என்ற மருந்தைச் செலுத்தியதும் சற்று நேரம் எழுந்து நின்றன. விலாங்குக்காக உருவான அதே ஆன்டிபாடிகள் முயலின் சொந்த ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. மயஸ்தீனியா எப்படி உண்டாகிறது என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்று இந்தச் சோதனை.

இப்போது சொல்லுங்கள், அந்த முயலின் உடலில் ஓடியது பிறபொருளெதிரியா, தன்பொருளெதிரியா? திங்கட்கிழமை அது, செவ்வாய்க்கிழமை இதுவா?

கில்லன்-பாரே நோயிலும் இதே கதைதான், சோதனைக்கூடம் இல்லாமலே நடக்கிறது. கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வருகிறது. அதன் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலி, நம் நரம்புச் சவ்விலுள்ள ஜி.எம்.1 கேங்லியோசைடு என்ற கொழுப்பு மூலக்கூறின் சர்க்கரைச் சங்கிலியை ஒத்திருக்கிறது. பாக்டீரியாவுக்காக உருவானது நரம்பிலும் ஒட்டுகிறது. ஓரிரு வாரம் கழித்துக் கால் மரத்து, தளர்ச்சி மேலேறுகிறது. ஒரே மூலக்கூறு, ஒரே கை, இரண்டு இலக்கு. ‘பிற’ என்றும் ‘தன்’ என்றும் நாம் வேலி போடும் இடத்தில் நோய்க்கு வேலி இல்லை. ஆகவே பொதுப்பெயரில் இரண்டுமே இருக்கக் கூடாது.

மருந்து பக்கம் வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ரிட்டக்சிமாப் ஓர் ஆன்டிபாடி. அது போய்ப் பற்றுவது நோயாளியின் சொந்த பி செல்களில் (ஆன்டிபாடி செய்யும் செல்களாக மாறக்கூடிய வெள்ளணுக்கள்) உள்ள சி.டி.20 என்ற புரதத்தை. 2017-இல் மயஸ்தீனியாவுக்கு ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப், நோயாளியின் சொந்த நிரப்புப் புரதமான (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தை அழிக்க வரும் இரத்தப் புரதங்களில் ஒன்றான) சி5-ஐப் பற்றுகிறது. சிரைவழி இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ஆன்டிபாடிகளைத் திரட்டிய கலவை. பழைய சொல்லை வைத்துக் கையேட்டில் நான் எழுதிய வாக்கியம் இது, சிரிக்காமல் படியுங்கள்: ‘தற்பிறபொருளெதிரிகளைக் குறைப்பதற்காகப் பிறரது பிறபொருளெதிரிகளோ, தன்பொருளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளோ செலுத்தப்படலாம்.’

சரி, மாற்று என்ன? ‘எதிர்ப்பொருள்’ தமிழ்நாட்டில் பழகிய சொல்; ஆனால் இயற்பியலார் ஆன்டிமேட்டருக்கும் அதையே எழுதுகிறார்கள். தனித்தனி நூல்களில் மோதாது என்றாலும் தேடுபொறியில் மோதும். இந்த இழையில் ‘கவ்வி’ என்று முன்மொழிந்தவருக்கு என் தனிப் பாராட்டு. ஆன்டிபாடி உண்மையில் செய்வது கவ்வுவதுதான். இரு கவட்டால் பற்றிக்கொள்கிறது, கொல்வது பெரும்பாலும் அடுத்து வருபவர்களின் வேலை. ஆனாலும் ‘இரத்தத்தில் கவ்விகள் மிகுந்துள்ளன’ என்று பரிசோதனை அறிக்கையில் எழுதினால் நோயாளி உள்ளே ஏதோ பூச்சி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை ‘எதிர்ப்புரதம்’. புதிது என்று உரிமை கொண்டாடவில்லை. அது என்ன என்பதைச் சொல்கிறது: புரதம். என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது: எதிர்க்கிறது. எதை என்பதைச் சொல்லாமல் விடுகிறது. அந்த மௌனம்தான் நமக்கு வேண்டியது. மருந்தாகக் கொடுப்பதும் எதிர்ப்புரதம், நோயாக உருவானதும் எதிர்ப்புரதம். எதை எதிர்க்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: அக்குவாபோரின்-4 எதிர்ப்புரதம், மஸ்க் எதிர்ப்புரதம் (அக்குவாபோரின்-4, மஸ்க் இரண்டும் நம் உடலின் சொந்தப் புரதங்கள்).

ஆட்டோ ஆன்டிபாடி? ‘தன்னெதிர்ப்புரதம்’ என்று ஒட்டவே கை போகிறது. வேண்டாம். தற்கொலையில் ‘தன்’ யாரைக் குறிக்கிறது? செய்பவரை. அதே கணக்கில் தன்னெதிர்ப்புரதம் என்றால் ‘தன்னைத்தானே எதிர்க்கும் புரதம்’ என்று ஆகிவிடும். இது வெறும் இலக்கணச் சிடுக்கு என்று தள்ளிவிட முடியாது. எதிர்ப்புரதத்தையே எதிர்க்கும் எதிர்ப்புரதங்கள் உண்மையிலேயே உண்டு, முடக்குவாதத்தில் பரிசோதிக்கும் ருமட்டாய்டு காரணி அப்படிப்பட்டதுதான். ஆகவே ‘தன்னுடல் எதிர்ப்புரதம்’. இரண்டு சொல்லாக நீள்கிறது, நீளட்டும்.

> ‘உட்பகை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே? பழந்தமிழ்ச் சொல், பொருளும் பொருந்துகிறது.

காதுக்கு இனிக்கிறது. ஆனால் நோயாளியிடம் போய் ‘உங்களுக்கு உட்பகை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகைக்கு நோக்கம் வேண்டும். இங்கே இருப்பது அடையாளப் பிழை.

இதே குறையை ஆட்டோஇம்யூன் நோய்க்கு எழுதும் ‘தன்னுடல் தாக்குநோய்’ என்பதிலும் காண்கிறேன், அது நிலைத்துவிட்ட சொல்லாக இருந்தாலும். ‘தாக்கு’ எல்லா இடத்திலும் உண்மையல்ல. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவில் அக்குவாபோரின்-4 எதிர்ப்புரதம் நிரப்புப் புரதங்களை அழைத்து வந்து, நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களை அழிக்கிறது. அங்கே தாக்குதல் சரி. ஆனால் 2007-இல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்த என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சியில் (என்.எம்.டி.ஏ. என்பது நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், மேலுள்ள ஓர் ஏற்பி) நடப்பது வேறு. எதிர்ப்புரதம் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைக்கிறது, செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்துபோகின்றன. நியூரான் பெரும்பாலும் சாவதில்லை. எதிர்ப்புரதம் குறையக் குறைய ஏற்பிகள் திரும்பி மேலே வருகின்றன. பிதற்றலும் வலிப்புமாக, தன் பெயர்கூடத் தெரியாமல் கிடந்த இளம்பெண் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறி எழுவதற்கு இதுவே காரணம். அவருடைய தாயிடம் ‘மூளையைத் தாக்கிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால், அழிந்துவிட்டது என்றே அவர் படிப்பார். நோயின் பெயரை இனி மாற்ற முடியாது. விளக்க வாக்கியங்களிலாவது ‘தடுக்கின்றன’, ‘குறைத்துவிடுகின்றன’, ‘அழிக்கின்றன’ என்று நோய்க்கேற்ற வினையை எழுதுவோம்.

பெயரால் உயிர் போகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியூரோமைலைட்டிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1894-இல் டெவிக் விவரித்த நோய் அது. நெடுங்காலம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை சிதையும் நோய்) ஒரு வகை என்றே பலர் கருதினார்கள். 2004-இல் வாண்டா லெனன் குழு அதற்கே உரிய எதிர்ப்புரதத்தைக் கண்டறிந்தது. மறு ஆண்டு அதன் இலக்கு அக்குவாபோரின்-4 என்று தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா இவர்களுக்கு நோயை முற்றச் செய்யக்கூடும். ஒரே பெயரில் கிடந்த வரை அந்த மருந்தும் ஒரே பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது.

கிருமியின் மூலக்கூறு நம் மூலக்கூறை ஒத்திருப்பதைக் குறிக்கும் மாலிக்யூலர் மிமிக்ரிக்கு ‘மூலக்கூற்றுப் போலி’ என்று எழுதியிருக்கிறேன். போலி என்றால் கள்ளச் சரக்கு அல்லவா என்று உடனே கேட்பீர்கள். இலக்கணத்தில் அறம் ‘அறன்’ என்றும் பந்தல் ‘பந்தர்’ என்றும் வருவதும் போலிதான். எழுத்து வேறு, கேட்பவர் அதே சொல்லாக ஏற்றுக்கொள்கிறார். பாக்டீரியாவின் சர்க்கரையும் நரம்பின் சர்க்கரையும் அப்படித்தான். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எதிர்ப்புரதம் ஏற்றுக்கொள்கிறது. ‘மருந்துப்போலி’ ஏற்கெனவே புழங்குகிறது. சொல்லின் கடைசியில் நிற்கட்டும். ‘போலி மூலக்கூறு’ என்று திருப்பிப் போட்டால் கெட்டது.

உடல் தன் பகுதிகளை எதிர்க்காமல் விட்டுவைக்கும் டாலரன்ஸுக்குப் ‘பொறுதி’ போதும். மருந்து பழகிப்போவதற்கும் சகிப்பு என்றே எழுதிக்கொண்டிருப்பதால் ‘சகிப்புத்தன்மை’யைத் தவிர்க்கிறேன். 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் புறநிலைப் பொறுதி (பெரிஃபெரல் டாலரன்ஸ்) பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே தரப்பட்டது என்பதால் இனி இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். நோய் அடங்கியிருக்கும் ரெமிஷன் ‘தணிவு’, அது திரும்பி வரும் ரிலாப்ஸ் ‘மீள்வரவு’. இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மாற்றிய வரியுடன் நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, இமை திறந்திருக்கும் நேரம் பார்த்து, பெரியம்மாவிடம் மறுபடி போனேன். ‘உங்கள் உடலே உருவாக்கிய சில எதிர்ப்புரதங்கள், நரம்பின் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டி, அவற்றைத் தடுக்கின்றன, நாளடைவில் குறைத்தும் விடுகின்றன.’ படித்தார். எதிர்ப்புரதம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஏற்பி என்றால் என்ன?” என்று கேட்டார்.

கையேடு அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏற்பிக்கு ஒரு வரியில் விளக்கம் யாரிடமாவது இருந்தால், வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்.