வெறும் பாக்குதான, புகையிலையா போடறேன்?

வாழப்பாடிக்காரி:
ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இன்னிக்கு எழுதிடலாம்னு தோணுச்சு. எங்க பக்கம் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பூரா பாக்குத்தோப்புங்க, சித்தப்பா வீட்டுலயும் அதான் பொழப்பு, காய் வந்து எறங்குனா பொம்பளைங்க வட்டமா உக்காந்து தோல் உரிப்பாங்க, அப்புறம் அண்டால வேகவெச்சுக் காயப் போடுவாங்க, எனக்கெல்லாம் முழுப்பரீட்சை லீவுன்னாலே அந்தத் துவர்ப்பு வாசம்தான். சித்தப்பா பீடி தொட்டதில்ல, குடி கெடையாது, கறி கூட ஞாயித்துக்கெழம மட்டும். பாக்கு மட்டும் வாயில எப்பவும் இருக்கும். காலைல டீ குடிச்ச கையோட ஒரு துண்டு கன்னத்துல ஒதுக்குனா படுக்கற வரைக்கும் மாத்தி மாத்திப் போயிட்டே இருக்கும். யாராச்சும் கேட்டா "வெறும் பாக்குதான, புகையிலையா போடறேன்?"ம்பாரு. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்.

போன வருசம் ஆடி பதினெட்டு அன்னிக்கு கொழம்பு காரம்னு ஒரே சண்ட. சித்திக்குக் கோவம், 25 வருசமா அதே மொளகாப்பொடிதான் போடறேன் இன்னிக்கு மட்டும் எப்படி எரியும்னு. அப்புறம் ரசம் எரியுதுன்னாரு, அப்புறம் தயிர்சாதம் மட்டும்தான். ஒருநாள் இட்லிய சின்னச் சின்னதா பிச்சு வெரலால உள்ள தள்ளிட்டிருந்தாரு, பல்லுவலி போலன்னு நெனச்சு சேலத்துல ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா டார்ச்சே எடுக்கல. "மூணு வெரல ஒன்னுமேல ஒன்னா சேத்து வாய்க்குள்ள வைங்கப்பா"ன்னாங்க. பக்கத்துல உக்காந்து நானும் வெச்சுப் பாத்தேன், எனக்கு மூணும் போச்சு. அவருக்கு ஒன்னு போச்சு, ரெண்டாவது பாதில நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் கன்னத்த இழுத்துக் காட்டுனாங்க, உள்ள செவப்பே இல்ல, வெளுத்துப் போயி, தொட்டா உள்ள கயிறு கட்டுன மாதிரி வரிவரியா.

சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு. பாக்குல அரிக்கோலின்னு ஒன்னு இருக்காம், அது கன்னத்துச் சதைய நாராக்கி இறுக்கிடுதாம். இதுவே கேன்சர் இல்ல, ஆனா கேன்சரா மாற வாய்ப்பு இருக்குன்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கையே 2004ல வெளியிட்ட அறிக்கைல மொத லிஸ்ட்டுல வெச்சுடுச்சாம். சாராயம், புகையிலை இருக்கற அதே லிஸ்ட். (லிஸ்ட்டுல ஒன்னா இருக்கறதால எல்லாம் ஒரே அளவு ஆபத்துன்னு இல்லியாம், கேன்சர் வரவெக்கும்ங்கறதுக்கு ஆதாரம் உறுதியா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தமாம்.)

கன்னத்துச் சதைல துளி எடுத்துப் பாக்கற பயாப்சி முடிவு வர வரைக்கும் சித்தி ஒழுங்கா சோறு தின்னல. நல்லவேளை கேன்சர் இல்லன்னு வந்துச்சு. இறுகுனது பழைய மாதிரி ஆகாது, பாக்க நிறுத்தி பயிற்சி பண்ணா மேல இறுகாம பாத்துக்கலாம், விடாம செக்கப் வரணும்னு சொல்லிருக்காங்க. பயிற்சின்னா ஐஸ் குச்சிய அடுக்கி பல்லுக்கு நடுவுல சொருகறது. மொத நாள் 11 குச்சி.

எனக்கு எங்க எரியுதுன்னா, எங்க குடும்ப வாட்சப் குரூப்புல மைதா தின்னா கேன்சர், மைக்ரோவேவ்ல வெச்சா கேன்சர்னு தெனமும் அனுப்பறதே இவருதான், கன்னத்துல பாக்க ஒதுக்கிட்டே!

ஏற்காட்டு ஆளு:
அக்கா, படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. எஸ்டேட் வேலை, மார்கழிப் பனில காப்பி அடுப்புல இருந்து நேரா லோட்டாவுக்கு, லோட்டால இருந்து நேரா தொண்டைக்கு. கொஞ்சம் ஆறுனாலும் கழனித்தண்ணின்னு பாட்டிய ஏசுவாரு. கடைசில சோறு நெஞ்சுல நிக்குதுன்னாரு, பாத்தா உணவுக்குழாய்ல கேன்சர். காப்பிதான் காரணம்னு ஊரே சொல்லுச்சு, காப்பி வெளையற ஊர்லயே! அதுக்கப்புறம் நான் விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், காப்பி மேல இருந்த சந்தேகத்த 2016ல அதே அமைப்பே எடுத்துடுச்சு, ஆனா 65 டிகிரிக்கு மேல சூடா எது குடிச்சாலும், வெந்நியே ஆனாலும், உணவுக்குழாய்க்கு அனேகமா ஆபத்துன்னு சொல்லிருக்காங்க. தாத்தா பீடியும் நெறைய குடிச்சாரு, அதனால எதுன்னு கைகாட்டி என்னால சொல்ல முடியல. நான் இப்ப ரெண்டு ஆத்து ஆத்திதான் குடிக்கறேன்.

செட்டுக்கடை:
நான் சாயங்காலம் தட்டுவடை செட்டு, அதான் ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய்த்துருவலும் சட்னியும் வெச்சுக் குடுக்கறது, போடறவன். 2024ல பஞ்சுமிட்டாய்ல ரோடமின் பின்னு துணிக்குப் போடற சாயம் இருக்குன்னு தமிழ்நாட்டுல தடை பண்ணாங்கல்ல, அந்த வாரம் ஒருத்தர் செட்டு வாங்கிட்டு "ஏய்யா கையெல்லாம் செவப்பா ஒட்டுது, என்ன சாயம் போட்ட"ன்னு கத்தறாரு. யோவ் அது பீட்ரூட்டுய்யா! துருவலையும் துருவியையும் காட்டுன பின்னாடிதான் காசு குடுத்தாரு. இன்னொரு கூட்டம் சட்னி ஏன் செவப்பா இல்லன்னு கேக்கும். ரெண்டு பேருக்கும் நான் என்னத்த பண்றது. எண்ணெய் விசயத்துல மட்டும் ஒத்துக்கறேன், திரும்பத் திரும்பக் காச்சறது தப்புதான், காச்சக் காச்ச எண்ணெய் கெட்டு அதுல சேர்ற போலார் காம்பவுண்ட் 25 சதவீதம் தாண்டுனா அந்த எண்ணெயக் கொட்டணும்னு 2018லயே சட்டம் வந்தாச்சு, மீட்டர் வெச்சுப் பாத்துட்டுப் போறாங்க.

அம்மாபேட்ட பையன்:
எங்க ஆயா 92 வயசு வரைக்கும் வெத்தல பாக்கு போட்டுச்சு, ஒன்னும் ஆகலியே. சும்மா பயமுறுத்தாதீங்க.

வாழப்பாடிக்காரி:
தம்பி, சித்தப்பாவும் டாக்டர்கிட்ட அவங்க ஆத்தாவ வெச்சு இதையேதான் சொன்னாரு. போடற எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னு முன்னாடியே தெரியாது, அவ்வளவுதான். இன்னொன்னும் சொல்லிடறேன், எங்களுக்கு சோறு போட்டதே அந்தப் பாக்குதான், எங்க காலேஜ் பீஸும் அதுல வந்ததுதான், அதனால இத எழுதறப்ப எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அடுத்த மாசம் தங்கச்சிக்கு நிச்சயம், தட்டுல பாக்கு வெக்காம முடியுமா? வெப்போம்.

குச்சி இப்ப 14 ஆயிடுச்சு. இட்லிய இன்னும் பிச்சுதான் போடறாரு, ஆனா ரசம் எறங்குது. நேத்து சித்தி துணி தொவைக்கறப்ப சட்டப்பையில ஒரு துண்டு கெடந்துருக்கு. கேட்டதுக்கு, யாவாரிக்குத் தரம் காட்ட வெச்சிருந்தேன்னாராம்.