கேம்பர் வானில் ஜெனரேற்றர் பற்றரி: அறுகம்பே, பாசிக்குடாப் பக்கத்து அனுபவங்கள்

பொத்துவிலிலிருந்து:
ஜெனரேற்றரை செல்ஃப் அடிக்கும்போது டக்டக்கென்று மட்டும் கேட்டால் பெரிய பற்றரி வாங்க ஓடாதீங்க. ஒரு ஆள் சுவிச்சை அமத்த, மற்ற ஆள் வோல்ற் மீற்றரைப் பற்றரி முனைகளிலேயே வைக்கணும். 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது ஆயுள் முடிஞ்சுது. அங்கே 11க்குக் கிட்ட நிற்குது, ஸ்டாட்டர் மோட்டரில் மட்டும் 9கூட இல்லையென்றால் கோளாறு வயரில. கடலோரத்தில் நிற்கிற வான்களில் இதைத்தான் அதிகம் காணலாம். ஏர்த் வயரின் ரப்பரைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்க, உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். வெளியில பார்த்தால் புது வயர் மாதிரியே இருக்கும்!

கல்முனையிலிருந்து:
வாங்கும்போது ஜெனரேற்றர் கையேட்டில் போட்ட சிசிஏ (குளிரில் ஸ்டாட் பண்ணப் பற்றரி தரக்கூடிய ஆம்பியர்) அளவுக்குக் குறையக் கூடாது. அதற்கு மேலே காசைக் கொட்டவும் தேவையில்லை. சிசிஏ மைனஸ் 18 பாகையில் பார்க்கிற அளவு, நமக்கு எதிரி சூடுதான். பற்றரியின் வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சைலன்சர் பக்கம் வைக்கவே வேண்டாம். என்எஸ்60, என்எஸ்60எல் என்ற பற்றரி மாடல் இரண்டுக்கும் பிளஸ் முனை இருக்கிற பக்கம் மாறும். மாறி வாங்கினால் வயர் எட்டாது. கடையிலேயே மீற்றர் வைத்துப் பாருங்க, 12.4க்குக் கீழே காட்டினால் எடுக்காதீங்க.

கல்லடியிலிருந்து:
கழட்டும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது முதலில் பிளஸ். மாறிச் செய்து ஸ்பனர் வானின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வருவதால் ஆபத்து இரட்டிப்பு. பெட்டிக்குள் வைத்தால் மேல்பக்கம் காற்றுத்துளை வெளியே திறக்கணும். வெள்ளையாகப் பூத்த முனையை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் பிரஷ் போட்டுக் கழுவுங்க. தண்ணி செல்லுக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கணும். நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கி, அதன் மேலேதான் வாஸ்லின். முதலே பூசிவிட்டு இறுக்கிற பழக்கம் வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணன், லைற்றுக்குப் போட்ட லிதியம் பற்றரியிலிருந்தே ஜெனரேற்றரை ஸ்டாட் பண்ணலாமா?

கல்முனையிலிருந்து:
வேண்டாம் தம்பி. சாதாரண 100 ஆம்பியர்-மணி லிதியத்தின் காவல் சர்க்கிட் பெரும்பாலும் 100 ஆம்பியரோடு வெட்டிவிடும், ஸ்டாட்டர் முதல் இழுப்பில் அதைத் தாண்டலாம். அது லைற், பிரிட்ஜுக்கு இருக்கட்டும். ஸ்டாட் பண்ணத் தனி ஈயப் பற்றரி போடுங்க.

பொத்துவிலிலிருந்து:
சீசன் முடிந்து நவம்பர் முதல் மாரிக்கு வானை நிறுத்துறவங்க மைனஸைக் கழட்டிவிடுங்க. காஸ் அலாரம் ஒன்றே பற்றரியை மெல்ல மெல்ல இறக்கிவிடும். மாதம் ஒருக்கா சார்ஜர் போட்டு 12.6க்குக் கொண்டு வாங்க. 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேற் இறுகும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.