கரண்டும் றோட்டும் வந்த பிறகு: யாழ்ப்பாணத்தார் அனுபவங்கள்

உரும்பிராயிலிருந்து:
தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கிடைக்கிற கொஞ்சத்தை விளக்குக்கு வைப்பதா, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு ஊற்றுவதா என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினமும் வாக்குவாதம். இப்போது ஆளியைத் தட்டினால் மோட்டர் ஓடுகிறது. 2009க்குப் பிறகு கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 றோட்டும் திறந்தது, வெங்காயம் இரவோடிரவாகக் கொழும்பு போகிறது. ஆனால் அதே றோட்டால் தம்புள்ளை மரக்கறியும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு வருகிறதே! அறுவடை நேரத்தில் விலை விழுந்தால் வைத்து விற்க எங்களிடம் குளிர்க் களஞ்சியம் இல்லை. றோட்டுப் போட்டவர்கள் அதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

குருநகரிலிருந்து:
அண்ணை, எங்களுக்குக் கரண்ட் என்றால் ஐஸ். நான் இறால், நண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஐஸ் கட்டிக்கு அலையாத இடமில்லை. ஜெனறேற்றருக்கு டீசலும் இல்லை. ஐஸ் குறைந்தால் முதலில் இறாலின் தலை கறுக்கும். ருசியில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அடிமாட்டு விலைதான் கேட்பார்.

கொக்குவிலிலிருந்து:
முன்பு சுன்னாகம் மின் நிலையத்து டீசல் மெசின்தான் எங்கள் உலகம். நாடு முழுக்க ஓடும் தேசிய மின் கம்பியோடு சேர்ந்தது நல்லதுதான். அப்புறம் என்ன, 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்றார்கள், நாடு முழுக்க இருட்டு, எங்கள் வீட்டு மின்விசிறியும் நின்றது! கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பிக் கூரையில் சோலார் போட்டோம். அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டுக்குப் பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். விடுமுறையில் பாவனை குறைவு, வெயில் கரண்ட் கூடிவிட்டால் வலையமைப்புத் தாங்காதாம். சேமிக்க பற்றரி இல்லாமல் சோலார் தகட்டை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும்?

நெடுந்தீவிலிருந்து:
நீங்கள் கம்பி அறுந்த கதை சொல்கிறீர்கள், எங்களுக்குக் கம்பியே கடல் தாண்டி வரவில்லை. இவ்வளவு காலமும் டீசல் ஜெனறேற்றர்தான், அந்த டீசலும் படகில்தான் வரவேண்டும். இங்கே, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். பற்றரியும் டீசலும் துணைக்கு இருக்குமாம். சரி, அது ஒழுங்காக ஓடட்டும், குருநகர் அண்ணைக்கு ஐஸ் நான் அனுப்புகிறேன்.