சனசமூக நிலையத் திரையிடலுக்கு எந்த இந்திப் படங்கள் பொருந்தும்?

கனகராயன்கரை:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். சிறுபோக அறுவடை முடிந்து காலபோக விதைப்புத் தொடங்கும் வரையுள்ள இடைவெளியில் எங்கள் சனசமூக நிலையத்தில் சில படங்களைத் திரையிடுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. தமிழ்ப் படங்களைக் கைத்தொலைபேசியிலேயே எல்லோரும் பார்த்துவிடுவதால், பலரும் பார்த்திராத இந்திப் படங்களைக் காட்டலாம் என்பது என் யோசனை.

ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு மனிதரின் கதையைச் சொல்லும்போதே ஒரு சமூகச் சிக்கலையும் சொல்லுகிற, இரண்டையும் பிரித்தெடுக்க முடியாத படங்கள் எனக்குத் தேவை. சொற்பொழிவாற்றும் படங்கள் வேண்டாம். எங்கள் மக்கள் கடந்த பல ஆண்டுகளில் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் செயலமர்வுகளிலும் ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு அமர்ந்துவிட்டார்கள். வரக்கூடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். முதிய கமக்காரர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் வருவார்கள். ‘மதர் இந்தியா’வை முதலில் நினைத்தேன், அதன் நீளம் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் என்பதால் தயங்குகிறேன். உங்கள் கருத்துகளைக் காரணத்தோடு எழுதினால் குழுவின் முன் வைக்க உதவியாக இருக்கும்.

ஓமந்தைவாசி:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் அது எம். எஸ். சத்யு இயக்கிய ‘கரம் ஹவா’வாக இருக்க வேண்டும். 1973இல் எடுத்து முடிக்கப்பட்ட இந்தப் படம், மதக் கலவரத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சத்தால் தணிக்கையில் மாதக்கணக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. இஸ்மத் சுக்தாயின் கதையைக் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதையாக்கினார்கள். சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, தமது குரற்பதிவை முடித்த மறுநாளே காலமானார் என்பதைப் படத்தைப் பார்த்த பிறகு அறிந்துகொள்வது நல்லது. முன்பே அறிந்தால் மனம் அதிலேயே நின்றுவிடும்.

ஆக்ராவில் சப்பாத்துத் தொழில் செய்யும் மிர்ஸாவின் உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாகிஸ்தானுக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். அவர் போக மறுக்கிறார். போகமாட்டேன் என்று மேடையில் முழங்கிய அண்ணனே பிறகு புறப்பட்டுப் போகிறார் என்பதைப் படம் எந்த அழுத்தமும் கொடுக்காமல் சொல்லிச் செல்கிறது. குடும்பம் வாழ்ந்த பெரிய வீடு அந்த அண்ணனின் பெயரில் இருந்ததால், அது வெளியேறியோர் சொத்து என்று அறிவிக்கப்பட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவரும் கராச்சிப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த சிந்தி வியாபாரிதான். அவரைக் கெட்டவராகக் காட்டியிருந்தால் கதை எளிதாகியிருக்கும். படம் அப்படிச் செய்யவில்லை. மிர்ஸாவுக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்குகிறது, வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டவுடன் இல்லை என்கிறார்கள், அண்ணனுக்கு வீட்டின் வரைபடத்தை அனுப்பியதற்காக ஒற்றர் என்ற குற்றச்சாட்டும் வந்து சேருகிறது. பிரிவினையைப் பற்றிய படமாக இருந்தும், படுகொலைகளைக் காட்டுவதில் அது அக்கறை கொள்ளவில்லை. வீட்டின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, பிணை நிற்பது யார், அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவது என்ற கேள்விகளுக்குள்ளேயே ஒரு நாடு உடைந்த கதை வந்துவிடுகிறது.

வீட்டை விட்டு இறங்கும் நாளில் விறகு அறைக்குள் ஒளிந்துகொள்ளும் முதிய தாயைப் பற்றி வன்னியில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 2008இல் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்தபோது, தறப்பாளையும் நெல்மூட்டையையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிய பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற முதியவர்கள் எத்தனை வீடுகளில் இருந்தார்கள்! ஆனால் நான் இந்தப் படத்தைச் சொல்வதற்கு அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அவர்களுடைய வீடுகள் என்ன ஆயின, பிற்காலத்தில் அவர்கள் திரும்பி வந்து காணி கேட்டபோது நம்மவர் என்ன பேசினோம் என்பதையும் இந்தப் படம் நம்மை எண்ண வைக்கும். நாம் மிர்ஸாவின் இடத்தில் மட்டும் அமர்ந்து பார்த்தால் பாதிப் படத்தைத்தான் பார்த்தவர்களாவோம்.

முல்லைக்கடல்:

ஓமந்தைவாசி ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெண்கள் அதிகமாக வரும் திரையிடல் என்றால் கடனிலிருந்து தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை. முல்லைத்தீவில் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். நுண்கடன் நிறுவனங்களின் அலுவலர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து தவணைப் பணத்துக்காக முற்றத்தில் நிற்கும் கிழமைகளைத் தெரியாத பெண்கள் எங்கள் பகுதியில் குறைவு. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகும் முற்றத்தில் நிற்பவர்கள் வராமல் போகவில்லை.

பிமல் ராய் 1953இல் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’ இந்த மக்களுக்கு நேராகப் பேசும். ஆலை கட்ட விரும்பும் ஜமீன்தாரின் நிலப்பரப்புக்கு நடுவே ஷம்பு என்ற விவசாயியின் இரண்டு பீகா (பீகா என்பது வட இந்திய நில அளவு) நிலம் கிடக்கிறது. தான் தரவேண்டியது 65 ரூபாய் என்று எண்ணி, வீட்டிலிருந்த பாத்திர பண்டங்களை விற்றுப் பணத்தோடு போகிறவனிடம் கணக்கேட்டில் 235 ரூபாய் என்று காட்டுகிறார்கள். நீதிமன்றம் மூன்று மாதத் தவணை கொடுக்க, அவன் கல்கத்தாவுக்குப் போய் கைரிக்‌ஷா இழுக்கிறான். அந்த 65க்கும் 235க்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கள் சங்கத்துக்கு வரும் பெண்கள் மனக்கணக்கிலேயே அளந்துவிடுவார்கள். பணம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி வேகமாக ஓடு, இன்னும் வேகமாக ஓடு என்று பயணி தூண்ட, சில்லுக் கழன்று அவன் விழுகிற காட்சி இருக்கிறது. ஒருவனுடைய அவசரத் தேவையை இன்னொருவன் விளையாட்டாக்குவதை அதற்குப் பிறகு வந்த எந்தப் படமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

‘மதர் இந்தியா’விலும் கடன்தான் வேர்: 500 ரூபாய்க் கடனுக்கு வட்டியாக விளைச்சலில் முக்கால் பங்கு போகிறது. ஆயினும் அது தாயைத் தெய்வமாக்கிவிடுகிற படம். எங்கள் ஊரில் தனித்து நின்று குடும்பம் நடத்துகிற பெண்களை ஏற்கெனவே எல்லா மேடைகளிலும் வீரத் தாய் என்று அழைத்து மாலை போடுகிறார்கள். மாலை போட்டவர்கள் தவணை கட்ட வருவதில்லை. ஆகவே அதை நான் தவிர்ப்பேன்.

இரண்டாவது படமாக ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) இருக்கட்டும். குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த படம் அது. சங்கம் அமைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்வதில்லை என்பதே அதன் சிறப்பு. பாலின் கொழுப்பை அளந்து சரியான விலை கொடுக்க முயலும்போது தனியார் பால் வியாபாரி எதிர்க்கிறார். சங்கத் தேர்தலில் ஒதுக்கப்பட்ட சாதியினர் வெல்லக்கூடும் என்ற நிலை வந்தவுடன் ஊர்ப் பெரியவர்களின் ஆதரவு மறைந்துவிடுகிறது. எங்கள் மாவட்டத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தக் கூட்டக் காட்சிகளில் புதிதாக எதுவும் இராது. அடையாளம் காண்பதற்குத்தான் நிறைய இருக்கும்.

வவுனிக்குளம்_கலைப்பிரிவு:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் இம்முறை உயர்தரப் பரீட்சை எழுதுபவன். மூன்று பரிந்துரைகளும் நாங்கள் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னர் வந்தவை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மாணவர்களும் வருவார்கள் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொடங்கினால் எங்கள் வயதினர் அரை மணித்தியாலத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்து போய்விடுவார்கள்.

கிரண் ராவ் இயக்கி 2024இல் வெளிவந்த ‘லாபதா லேடீஸ்’ படத்தை முதலில் காட்டுங்கள். முக்காடிட்ட இரண்டு மணப்பெண்கள் புகையிரதத்தில் மாறிப்போகிறார்கள் என்பதுதான் கதை. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். கணவனின் ஊர்ப் பெயரைக்கூடச் சரியாக அறியாத பூல், புகையிரத நிலையத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்து முதன்முறையாகத் தன் உழைப்புக்குக் கூலி வாங்குகிறாள். மற்றவள் இயற்கை விவசாயம் படிக்கப் போவதற்காகவே தன் உண்மைப் பெயரை மறைத்திருக்கிறாள். சீதனத்தைப் பற்றியும் பெண்கல்வியைப் பற்றியும் ஒரு வசனம்கூடப் பாடநூல் போல ஒலிக்கவில்லை. அவளைச் சந்தேகித்து விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி கடைசியில் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே யாரும் ஊகிக்க முடியாது. ஆகையால் இங்கே எழுதவில்லை.

சாதியைப் பற்றிய படம் ஒன்றும் இருக்க வேண்டும். ‘ஆர்ட்டிகிள் 15’ (2019) எப்படி? அது ‘நெஞ்சுக்கு நீதி’ என்று தமிழிலும் வந்திருப்பதால் மொழிச் சிக்கலும் தீர்ந்துவிடும். பெரியவர்களுக்காக ‘சாரான்ஷ்’ படத்தையும் சேர்க்கலாம். மகனை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியராக அனுபம் கேர் நடித்தபோது அவருக்கு வயது 28 என்பதை நம்பவே முடியாது.

ஓமந்தைவாசி:

தம்பி, ‘லாபதா லேடீஸ்’ நல்ல தெரிவு, எதிர்க்கவில்லை. ‘ஆர்ட்டிகிள் 15’ பற்றி மட்டும் ஒரு சொல். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள், தேடப்படுகிறார்கள். ஆனால் கதை நகர்வது வெளியிலிருந்து வந்த பிராமணப் பொலிஸ் அதிகாரியின் மனச்சாட்சிக்குள். இறந்த பிள்ளைகளைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது என்று படம் முடிந்தபின் யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக நீரஜ் கய்வானின் ‘மசான்’ (2015) படத்தைப் பாருங்கள். காசியில் பிணம் எரிக்கும் குடும்பத்துப் பையன் தீபக், பொறியியல் படிக்கிறான், கவிதை விரும்பும் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், தன் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூசுகிறான். சாதி என்ன செய்யும் என்பது அந்தக் கூச்சத்திலேயே முழுமையாக இருக்கிறது. சாதி போரோடு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே கலியாணத் தரகரிடம் முதல் கேள்வியாக அதையே கேட்கும் நமக்கு இது போதும். ஆனால் அதன் தொடக்கக் காட்சியில் விடுதி அறையில் இருக்கும் இளம் சோடியைப் பொலிஸ் பிடிக்கிறது; சனசமூக நிலையத்தில் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதற்கு அது ஏற்றதா என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

முல்லைக்கடல்:

‘சாரான்ஷ்’ குறித்து அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மகேஷ் பட்டின் அந்தப் படம் (1984) மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நியூயோர்க்கில் கொல்லப்பட்ட மகனின் சாம்பலைப் பெற்றுக்கொள்ளச் சுங்க அலுவலகத்துக்குப் போகும் தந்தை, பொருட்களை எடுக்க வந்தவர்களுக்கு நடுவே காக்க வைக்கப்பட்டு வெடித்து அழுகிறார். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் எங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். சாம்பல்கூட இல்லை என்பதுதான் அவர்களுடைய வழக்கு. மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அலுவலகங்களில் சொல்லப்பட்டதை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். அவர்களை முன்னறிவிப்பின்றி இருட்டறையில் அமர்த்தி அந்தக் காட்சியைக் காட்டுவது முறையல்ல. கதையை முன்கூட்டியே சொல்லி, பார்க்க விரும்புகிறீர்களா என்று அவர்களையே கேட்டு, அவர்கள் ஆம் என்றால் மட்டும் காட்டுங்கள். கேட்காமலே, தாங்கமாட்டார்கள் என்று நாமாகத் தவிர்ப்பதும் சரியல்ல. அவர்களுக்காக முடிவெடுத்தவர்கள் ஏற்கெனவே அதிகம்.

இன்னொன்று: கீழே ஓடும் எழுத்துகளை எல்லோராலும் வேகமாக வாசிக்க முடியாது, முதியவர்களுக்குக் கண்ணாடி இருந்தாலும் தூரத்தில் தெரியாது. நாங்கள் ஒரு முறை, நல்ல குரல்வளமுள்ள ஆசிரியை ஒருவரை ஒலிவாங்கியோடு பக்கத்தில் அமர்த்தி, வசனங்களின் சாரத்தைத் தமிழில் சொல்ல வைத்தோம். வசனம் குறைந்த இடங்களில் அவர் பேசாமல் இருந்ததுதான் அவருடைய திறமை.

கனகராயன்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. குழுவின் முன் இவ்வாறு வைக்க எண்ணியிருக்கிறேன்: முதல் மாதம் ‘லாபதா லேடீஸ்’, மாணவர்களும் பெண்களும் திரையிடலுக்குப் பழகிக்கொள்வதற்காக, அடுத்து ‘தோ பீகா ஜமீன்’, கமக்காரர் அமைப்பின் கூட்டம் முடிந்த அதே மாலையில், மூன்றாவதாகக் ‘கரம் ஹவா’. மூன்றாவது படத்துக்கு அருகிலுள்ள முஸ்லிம் குடியேற்றத்தின் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் அழைக்க வேண்டும் என்று நான் கேட்பேன். குழுவில் இருவர் முணுமுணுப்பார்கள் என்பதையும் அறிவேன். ‘மந்தன்’ பால் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்காக ஒதுக்கப்படும். ‘மசான்’ படத்தை உயர்தர மாணவர்களுக்கு மட்டும் தனியாகக் காட்ட அதிபரின் அனுமதியைக் கேட்கப் போகிறேன். ‘சாரான்ஷ்’ குறித்து, முல்லைக்கடல் அவர்கள் சொன்னபடி, இரண்டு தாய்மாரிடம் இந்தக் கிழமையே கதைக்கிறேன்.

‘கரம் ஹவா’வுக்குத் தமிழில் கீழெழுத்துச் செய்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் தெரியப்படுத்துங்கள். இல்லையென்றால் வசனங்களை நாமே பங்கிட்டு மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். உருது தெரிந்த மௌலவி ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார், தட்டச்சுக்கு ஆள் தேவை.

வவுனிக்குளம்_கலைப்பிரிவு:

தட்டச்சை நான் செய்கிறேன், ஐயா. பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து.