மறு: மறு: பழைய ஆலை நிலத்துக்கான ஒலி ஆய்வு – 'பின்னணி ஒலி' சரியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நேற்றைய மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

> எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்காகத் துண்டறிக்கை எழுதுகிறேன். பக்கத்துப் பழைய ஆலை நிலத்தில் அடுக்குமாடி வருகிறது. ஒலி ஆய்வறிக்கையில் 'பேக்கிரவுண்டு' என்று வரும் இடமெல்லாம் 'பின்னணி ஒலி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வேண்டாம் அம்மா. பின்னணி என்றதும் நம் ஆட்களுக்குப் பாடகர் நினைவுக்கு வருவார், இசையமைப்பாளர் நினைவுக்கு வருவார். முன்னால் நடக்கும் ஒன்றுக்குத் துணையாக யாரோ கொண்டுவந்து சேர்ப்பதுதான் தமிழில் பின்னணி. இரைச்சல் அளக்கிறவர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். வந்து சேர்ந்ததையெல்லாம் கழித்த பிறகும் கழியாமல் நிற்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரு மணி நேரம் கருவியை ஓடவிடுகிறோம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒலி எந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லையோ, அந்த அளவுக்கு எல்-90 என்று பெயர். லாரி போகும், நாய் குரைக்கும், கடைக்காரர் ஷட்டரை இழுப்பார். எல்லாம் எழுந்து மறையும். தூரத்துச் சாலையின் 'ஹோ'வும் எங்கோ ஓடும் ஏசியின் முனகலும் மட்டும் அடியில் நிற்கும்.

அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருக்கும்: எல்-இக்யூ. அந்த ஒரு மணி நேரத்தில் வந்த ஒலி ஆற்றலையெல்லாம் ஒரே சீராகப் பரப்பினால் கிடைக்கும் அளவு அது. சமவொலி என்று சொல்லலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வகுத்திருப்பது இந்தக் கணக்கில்தான். இரண்டும் எவ்வளவு விலகிப் போகும் என்பதற்கு ஆலைச் சங்கையே எடுத்துக்கொள்வோம். அக்கம்பக்கம் 55 டெசிபலில் சீராக இருக்கிறது. சங்கு ஒரே ஒரு நிமிடம் 90 டெசிபலில் ஊதுகிறது. எல்-90 அசையாது, 55தான். சமவொலியோ 72-ஐத் தாண்டிவிடும். 59 நிமிட அமைதியை ஒரு நிமிடச் சங்கு தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

இப்போது ஒருவர் அந்த 72-ஐ 'தற்போதைய பின்னணி ஒலி' என்று அட்டவணையில் போட்டு, 'எங்கள் ஜெனரேட்டர் 65 டெசிபல்தான், பின்னணியைவிடக் குறைவு' என்று முடித்தால் படிக்கிறவர் தலையாட்டிவிடுவார். அதே 65-ஐ 55-க்குப் பக்கத்தில் வையுங்கள். பத்து டெசிபல் அதிகம், காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தொழிற்சாலை ஒலியை மதிப்பிட பிரிட்டனில் கையாளும் பி.எஸ். 4142 முறை எல்-90-ஐத்தான் அடிக்கோடாக வைக்கிறது. அதற்கு மேல் 5 டெசிபல் என்றால் பாதிப்பின் அறிகுறி, 10 என்றால் பெரும்பாதிப்பின் அறிகுறி, மற்றதை இடம் பொருள் பார்த்து முடிவுசெய் என்கிறது. ஒரே சுருதியில் ரீங்கரிக்கும் விசிறிக்கு 6 டெசிபல் வரையும், தடதடவென்று தட்டும் எந்திரத்துக்கு 9 வரையும் தண்டமாகக் கூட்டச் சொல்கிறது. அளவு ஒன்றானாலும் எரிச்சல் ஒன்றல்ல என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: எல்-90-க்கு அடியொலி. எல்லாம் சேர்ந்து கேட்பது சூழொலி. ஆராயும் எந்திரத்தை நிறுத்தினால் மிஞ்சுவது எஞ்சொலி. மூன்றையும் ஒரே 'பின்னணி'யில் போட்டு மூடக் கூடாது.

> கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருளன என்கிறது தொல்காப்பிய உரியியல். புறநானூற்றில் 'கம்பலை மூதூர்' வருகிறது. வீட்டில் இவ்வளவு இருக்க, புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

புலவர் ஐயா, கம்பலை எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஊரின் மொத்த ஆரவாரம். வேண்டுமானால் சூழொலிக்குப் போட்டியாக நிற்கட்டும், அடியொலியின் இடத்துக்கு வராது. சும்மையை அச்சில் பார்க்கிறவர்கள் 'சும்மா' என்று படித்துவிட்டுப் போவார்கள். அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்ற பொருள்களையும் தொல்காப்பியரே தந்திருக்கிறார். ஜெனரேட்டருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நிலைமைக்கு அது பொருத்தம்தான், தீர்ப்பாயத்தில் எடுபடாது.

> 'அடங்கொலி' எப்படி? ஊர் அடங்கிய பிறகு கேட்பது என்று பொருள் வரும்.

கோவை நண்பரின் இந்தச் சொல் காதுக்கு இனிமை. ஆனால் அடங்கொலி வினைத்தொகை. அடங்கிய ஒலி, அடங்குகின்ற ஒலி, அடங்கும் ஒலி என்றுதான் விரியும். அப்போது அடங்குவது அந்த ஒலியே ஆகிவிடுகிறது. எல்-90-இல் நடப்பது வேறு. மற்றவை அடங்கும், இது அடங்காமல் நிற்கும். தவிர, பகல் பதினொரு மணிக்கும் எல்-90 உண்டு. அப்போது எந்த ஊர் அடங்கியிருக்கிறது?

> அடியொலி என்றால் காலடிச் சத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அதைக் காலடியோசை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அடிமண், அடிவயிறு, அடிவானம் என்று வரும்போது யாரும் காலைத் தேடுவதில்லை. கிணற்றில் எல்லாம் இறைத்த பிறகும் அடியில் கிடக்கும் தண்ணீர் மாதிரிதான் இதுவும்.

சரி, இதில் ஆலை நிலம் எங்கே வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேதான் இந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை. பெரம்பூர் பின்னி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் மூடினார்கள். பிறகு அந்த நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. கோவையிலும் மும்பை பரேலிலும் ஆலை நிலங்களின் கதை ஏறக்குறைய இதுதான். ஆலை ஓடிய நாளில் சுற்றுத் தெருக்களின் அடியொலியையே அது தூக்கி வைத்திருக்கும். மூடியதும் அடியொலி இறங்கும், தெரு புது அமைதிக்குப் பழகிவிடும். பல ஆண்டு கழித்துக் கட்டட வேலை தொடங்கும்போது, 'ஆலை ஓடியபோது இதைவிடச் சத்தமாகத்தானே இருந்தது' என்பார்கள். அந்தக் கணக்கு செல்லாது. இன்று அந்தத் தெருவில் தூங்குகிறவருக்கு இன்றைய அடியொலிதான் அடியொலி.

அடுத்த சிக்கல், ஆலைக் கட்டடமே ஒரு மதில் என்பது. ஒலி வரும் இடத்துக்கும் கேட்கும் ஆளுக்கும் நடுவே நேர்ப்பார்வையை மறைத்தாலே சுமார் 5 டெசிபல் குறையும். நீளமான நெசவுக்கூடம் என்றால் இன்னும் கூடுதலாகவே தடுக்கும். கூடம் நிற்கும்போது அளந்துவிட்டு, இடித்த பிறகு வரும் நிலைமைக்கும் அதே எண்ணைப் போடுகிறார்கள். கூடத்துக்கு அந்தப்பக்கம் ரயில் பாதை இருந்தால், இடித்த அன்றே பின்தெருவுக்கு ரயில் வந்துவிடும். துண்டறிக்கையில் இந்த ஒரு கேள்வியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள் அம்மா: 'அளந்த நாளில் பழைய கட்டடம் நின்றதா, இடிபட்டிருந்ததா?'

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுவது. நம் விதிகளில் தொழிற்பகுதிக்கு வரம்பு பகலில் 75, இரவில் 70 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றிக் கோப்பில் ஒரு கையெழுத்து விழுந்ததும், அந்த மனையின் இரவு வரம்பு 25 டெசிபல் கீழே போகிறது. மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பட்டறை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நேற்றுவரை சட்டப்படி சரியாக இருந்த அதே லேத்தும் அதே கம்ப்ரசரும், புதிதாகக் குடிவந்தவர் பால்கனியில் நின்று புகார் எழுதியதும் குற்றவாளியாகிவிடும்.

இதற்கு வெளிநாட்டில் 'ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச்' என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லும், இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை 2018-லும் எடுத்துக்கொண்டன. புதிதாக வருகிறவர்தான் தன் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட வேண்டும், கட்டடத்தைத் திருப்பி அமைக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிறவரை விரட்டக் கூடாது. லண்டன் 'மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்' இசைக்கூடத்துக்கு எதிரே அடுக்கு வீடுகள் வந்தபோது, கூடத்தின் ஒலியைச் சகித்துக்கொள்வது அந்த மனையோடு சேர்ந்த சட்டக் கடமை என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். இதற்கு 'மாற்ற முகவர் கோட்பாடு' என்ற மொழிபெயர்ப்பை ஓரிடத்தில் பார்த்தேன். காப்பீட்டு முகவர் ஞாபகம்தான் வந்தது. வந்தவர் பொறுப்பு என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று பெயரெடுத்த சென்னையில் இந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

இவ்வளவு நாள் இவற்றுக்கெல்லாம் தமிழ் வராததற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணம் உண்டு. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. கருத்துக்கேட்பு நடந்தால்தான் அறிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் தமிழ்ச் சுருக்கம் வந்ததால் அந்தத் துறைச் சொற்கள் ஓரளவு புழங்கிவிட்டன. அடுக்குமாடிக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

> மூடிய ஆலை நிலத்தை ஆங்கிலத்தில் 'பிரவுன்ஃபீல்டு' என்கிறார்களே – பழுப்பு நிலம்?

மண்ணின் நிறம் என்று நினைப்பார்கள். ஆலைத் தரிசு போதும்.

> அளந்த விதம் சரியா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்ப்பது?

கருவி தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி முக்காலியில் நிற்க வேண்டும். சுவரோரம் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து எண் ஏறும். ஒலிவாங்கித் தலையில் கறுப்பு நுரைப்பந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றையே சத்தமாகப் பதிந்துவிடும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் 94 டெசிபல் தரும் சிறு கருவியைப் பொருத்திச் சரிபார்த்திருக்க வேண்டும். பகலில் மட்டும் அளந்துவிட்டு இரவுக்கும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த அறிக்கையைக் கேள்வி கேளுங்கள். மழை முடிந்த வாரத்தில் அளந்திருந்தாலும் கேளுங்கள். தரிசில் புதர் மண்டிக் கிடக்கும், சில்வண்டு விடிய விடியக் கத்தும். அது விட்டு விட்டுக் கத்தாமல் தொடர்ந்து கத்துவதால் அடியொலியையே ஏற்றிவிடும். அடியொலி ஏறினால் ஜெனரேட்டருக்கு இடம் கிடைக்கும்.

---

பொருள்: மறு: மறு: மறு: பழைய ஆலை நிலத்துக்கான ஒலி ஆய்வு

தம்பி, அடங்கொலி பற்றிய உங்கள் இலக்கணம் சரி, அதை விட்டுவிடலாம். அடியொலியை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சூழொலிக்கு மாற்றாகக் கம்பலையையும் பட்டியலில் போடுங்கள். 'ஊர்க் கம்பலை' என்று சேர்த்தே எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள். 'வந்தவர் பொறுப்பு' எழுவாயும் பயனிலையும் போல நின்று, வந்தவர்தான் பொறுப்பாளி என்று சொல்கிற மாதிரியும் ஒலிக்கிறது. அந்த இரட்டுறல் நன்மைக்கே.

---

பொருள்: மறு: மறு: மறு: மறு: பழைய ஆலை நிலத்துக்கான ஒலி ஆய்வு

புலவர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. துண்டறிக்கையில் இப்போது இப்படி இருக்கிறது: 'நம் தெருவின் இரவு அடியொலி எவ்வளவு? புதுக் கட்டடத்தின் எந்திரங்கள் அதற்கு மேல் எத்தனை டெசிபல் கூட்டும்? பழைய கூடத்தை இடித்த பிறகு மறுபடி அளப்பீர்களா? வந்தவர் பொறுப்பை ஏற்கிறீர்களா?' ஊர்க் கம்பலையை அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன், இதில் இடமில்லை.

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அடியொலிக்கு விளக்கம் கேட்கவில்லை. டெசிபல் என்றால் என்ன என்றுதான் கேட்டார். அதற்கும் ஒரு சொல் செய்யலாமா?

---

மறு: வேண்டாம் அம்மா. டெசிபல் இருக்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் 'பத்து கூடினால் இரு மடங்காகக் கேட்கும்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.